ஷேடு மாஸ்டரின் ஜன்னல்

காலை ஏழு மணிக்கு அவர் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருக்கிறார். மறு கையில் ஷேடு கார்டு, சாயப்பட்டறையில் நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டை. விசிறிபோல் விரியும் அதன் தாள்களில் முதல் ஐந்து மஞ்சள்; ஆறாவதிலிருந்து ரோஜா நிறம் கலக்கத் தொடங்கும். பாட்டிலில் இருப்பது அவருடைய சிறுநீர். ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு "நாலு!" என்று குரல் கொடுப்பார். மனைவி பென்சிலோடு வந்து, காலண்டரில் அன்றைய கட்டத்துக்குள் நாலு என்று எழுதுவார். ஆறு என்று வந்தால் ரத்தம்; நேரே ஆஸ்பத்திரி. "எல்லாருக்கும் வெறும் மஞ்சள்தான் வருது. எனக்கு மட்டும் நம்பரோட வருது" என்பார் பார்க்க வருகிறவர்களிடம். சிரிக்காதவர்களை அவருக்குப் பிடிக்காது.

சாயப்பட்டறையில் இருபத்தாறு வருடம் நிறம் சேர்த்தவர். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஷேடு மாஸ்டர் என்றால் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். துண்டுத் துணியைப் பார்த்தே எந்தப் பொடி எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவார். பொடியை வெறுங்கையால்தான் அள்ளுவார். கையுறையும் முகமூடியும் அதிகாரிகள் பார்வையிட வரும் அன்று மட்டும் அலமாரியிலிருந்து இறங்கும். "சோப்பு போட்டா போயிடும்" என்று முதலாளி சொன்னதை, புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் இவரும் சொன்னார். அப்படிக் கேட்டுக்கொண்டவர்களில் சொந்த மகனும் ஒருவன். பன்னிரண்டு வருடம் முன்பு அவனைக் கையோடு கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டவரும் இவர்தான்.

போன வருடம் சிறுநீர்ப்பையில் கட்டி. வெட்டியெடுத்துப் பரிசோதித்ததில் மரபணு கெட்டிருக்கிறது என்று அறிக்கை வந்தது. டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "உங்க ரத்தத்துலயும் பாத்துட்டோம், அதுல ஒண்ணுமில்ல. கெட்டது கட்டியில மட்டும்தான். பொறக்கும்போது வந்ததில்ல, பிள்ளைங்களுக்கும் போகாது. அத்தனை வருஷம் அந்தப் பொடியோட இருந்தீங்களே, அதுதான் வேலையைக் காட்டியிருக்கு."

அறிக்கையோடு பட்டறை ஆபீசுக்குப் போனார். பொடி எடை போடும் அறைக்கு, தூசியை வெளியே இழுக்கும் ஒரு காற்றாடியாவது வைக்கச் சொல்லலாம் என்று. மானேஜர் முதல் வரியில் மரபணு என்று பார்த்ததுமே காகிதத்தை மடித்துக் கையில் கொடுத்துவிட்டார். "அப்ப இது உங்க குடும்ப வியாதி மாஸ்டர். இதுக்குப் பட்டறை என்ன பண்ணும்?"

மானேஜர் சொன்னதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மகன் அதை நம்பினான் பாருங்கள், அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. அவரே கையுறை வாங்கி மகனுடைய சாப்பாட்டுப் பையில் வைத்தார். போன மடிப்புக் கலையாமல் அது சாயங்காலம் திரும்பி வந்தது.

"ஏன்டா மாட்டல?"

"எப்படியும் வரப்போறதுதானே. உங்க ரத்தம்தானே எனக்கும். இதை மாட்டிக்கிட்டு எதைத் தடுக்கச் சொல்றீங்க?"

"ரத்தத்துல இல்லடா! டாக்டர் எழுதியே குடுத்திருக்காங்க."

"பட்டறையில சேத்துவிட்டது நீங்க. இப்ப பட்டறை மேலயே பழியைப் போடறீங்க."

அதன் பிறகு மகன் வேலை முடிந்து வரும்போது அவர் அவன் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார், கையைத்தான் பார்ப்பார். "இன்னிக்கு நேவி புளூ" என்று முணுமுணுப்பார். நகக்கண் வரைக்கும் நீலமாக இருக்கும். கையுறையை மட்டும் தினமும் வைத்துக்கொண்டேதான் இருந்தார்.

இன்று காலை ஜன்னல் விளிம்பில் அவருடைய பாட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு பாட்டில் இருந்தது. மகன் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் அதை வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போயிருந்தான்.

தன்னுடையதைப் பார்த்து "நாலு" என்றார். மனைவி எழுதிக்கொண்டார். பிறகு மற்றதை எடுத்தார். கண் மூடித் திறப்பதற்குள் நிறம் சொல்கிறவர், தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். விரல் ஐந்தாவது தாளைத் தாண்டியது.

"அவனுக்கு எத்தனைங்க?" காலண்டர் பக்கத்தில் பென்சில் காத்திருந்தது.

"வெளிச்சம் பத்தல" என்று சொல்லி, முழுக்கத் திறந்திருந்த ஜன்னல் கதவை இன்னும் வெளியே தள்ளினார்.