பட்டியலில் இல்லாத பெயர்

அந்தக் கடிதத்தை மாமி ஜன்னலருகே நின்று இரண்டு தரம் வாசித்தார். சிங்கப்பூர் யப்பானியரிடமிருந்து மீட்கப்பட்டு அறுபது வருடம் நிறைவதை, லண்டன் விம்பிள்டனில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளியிருந்த மண்டபத்தில் முன்னாள் பிரித்தானியப் படைவீரர்கள் சிலர் நினைவுகூர இருந்தார்கள். அந்த நாளை நேரில் கண்டவர் என்பதால், என் கணவரின் தாயான மாமியும் வந்து நன்றியாக நாலு வார்த்தை பேச வேண்டுமாம்.

மாமி சிங்கப்பூரில் பிறந்தவர். தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே ரயில்வே வேலைக்குப் போனவர். நகரம் யப்பானியர் கையில் இருந்தபோது, மாமியின் பத்தொன்பது வயது அண்ணையைச் சயாமில், இன்றைய தாய்லாந்தில், தண்டவாளம் போடக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவேயில்லை. எங்கே புதைத்தார்கள் என்றும் தெரியாது.

கூட்டத்தில் இறந்தவர்களின் பெயர்கள் வாசிக்கப்படும் என்று கடிதத்தில் இருந்தது. அண்ணையின் பெயரையும் சேர்க்கும்படி கேட்க மாமி சொன்னார். தொலைபேசியில் கேட்டேன். பட்டியல் படைவீரர்களுக்கு மட்டும்தான் என்று மறுமுனையில் மிகப் பணிவாகச் சொன்னார்கள். இனி மாமி போகமாட்டார் என்றே நினைத்தேன்.

“அப்ப கட்டாயம் வாறன் எண்டு சொல்லு,” என்றார்.

கூட்டத்தன்று எல்லோரும் எழுந்து நிற்கப் பெயர்கள் வாசிக்கப்பட்டன. எல்லோரும் அமர்ந்ததும் மாமியை அழைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த பழைய ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். “யப்பானியரிடம் எங்களை விட்டுப் போனவர்களும் நீங்கள்தான், திரும்பி வந்தவர்களும் நீங்கள்தான். வந்த அன்று நானும் தெருவில் நின்று கை தட்டினேன். என் அண்ணன் அங்கே இல்லை. அவர் பெயர் இராசரத்தினம். அவருக்காகவும் எழுந்து நில்லுங்கள்.”

ஒருவரும் அசையவில்லை. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, நன்றி என்றார். மாமி இடத்தைவிட்டு நகரவில்லை. எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. “இவ்வளவு காணும் மாமி, வாங்கோ,” என்றேன் மெல்ல.

மாமி என்னைப் பார்த்தார். “நீயும் கதிரையிலையே இருக்கிறியோ?”

தமிழில் கேட்டது எனக்கு மட்டும்தான் விளங்கியது. எழுந்தேன். பின்னால் சில கதிரைகள் தரையில் உரசின. பாதிப் பேர்கூட எழும்பவில்லை.

அடுத்த வருடமும் கூட்டம் நடந்தது; எங்களுக்குக் கடிதம் வரவில்லை. அதே நாளில் மாமி காலையிலேயே சேலை உடுத்தி வெளிக்கிட்டு நின்றார். கூப்பிடவில்லையே என்றேன்.

“அண்ணையையும் ஒருத்தரும் கேட்டுக் கொண்டுபோகேல்லை,” என்றார்.

முன்வரிசையில் போய் இருந்தோம். பட்டியல் முடிந்து எல்லோரும் அமர்ந்தபோது நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். மண்டபம் காத்திருந்தது. கடைசியில் தலைவர் பேனாவை எடுத்து, அந்தப் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டார். மாமி ஒவ்வொரு எழுத்தாக, அவசரமேயில்லாமல் சொன்னார்.