அரக்கு வைத்த பெட்ரோல் மூடி

என் அக்காளைக் கட்டியவரை நான் அத்தான் என்று கூப்பிட்டேனே தவிர, ஒருநாளும் அவரைப் பிடித்ததில்லை. கோட்டாற்றில் அரிசி மண்டி வைத்திருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், யாரோ ஓட்டித் தேய்த்த அமெரிக்க லாரி ஒன்றை வாங்கி, பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு அரிசி அனுப்ப ஆரம்பித்தார். ஓட்டுவதற்கு நான். சொந்தக்காரன் திருட மாட்டான் என்று என்னை வைக்கவில்லை. திருடினால் தேடி அலைய வேண்டாம், அக்காள் வீட்டிலேயே பிடித்துக்கொள்ளலாம் என்று வைத்தார். இதை என் முகத்துக்கு நேரே சொல்லவும் செய்தார்.

மலைரோட்டில் அந்த வண்டி பெட்ரோலை மடமடவென்று குடிக்கும். மண்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு ஏற்றம் என்றால் என்ன தெரியும்? நான் தோட்டத்தில் பெட்ரோலை விற்கிறேன் என்று அவராகவே முடிவு கட்டினார். ஒருநாள் காலையில் டிரைவர் இருக்கைப் பலகையைத் தூக்கி, அதனடியில் இருந்த தொட்டியின் மூடிமேல் துணியைப் போட்டு இறுக்கிக் கட்டினார். அரக்கை உருக்கி அதன்மேல் தாராளமாக ஊற்றி, மண்டி முத்திரையை அழுத்தினார். வெளியூருக்குப் போகும் எண்ணெய் டின்களுக்கு அவர் செய்வதும் இதுதான். அன்று முதல் காலையில் அவரே பெட்ரோல் ஊற்றி முத்திரை வைப்பார், திரும்பி வந்ததும் அவரே உடைப்பார்.

அதற்குப் பிறகுதான் வண்டி நிற்க ஆரம்பித்தது. தக்கலை வரைக்கும் ஒழுங்காகப் போகும். குலசேகரம் தாண்டி ஏற்றம் பிடிக்கும்போது இருமும், திணறும், நின்றுவிடும். மறுபடி கிளப்ப முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை கழன்றுபோகும்.

அந்தக் காலத்து வண்டியில் பெட்ரோலைத் தள்ளிக் கொடுக்கப் பம்பு கிடையாது. தொட்டி மேலே, எஞ்சின் கீழே, பெட்ரோல் தானாக இறங்க வேண்டும். ஏற்றத்தில் எஞ்சின் உயர்ந்துவிட்டால் இறங்காது என்பதால், வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகவே மேலே ஏற்றுவோம். ஏற்றிப் பார்த்தேன், அப்போதும் நின்றது. பிளக்கைக் கழற்றினேன், பொறி நன்றாக விழுந்தது. அப்படியானால் கோளாறு பெட்ரோலில்தான். கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றினால், ஒழுக வேண்டிய பெட்ரோல் சொட்டியது. குழாயை வாயில் வைத்துத் தொட்டிப் பக்கமாக ஊதினேன். குடுகுடுவென்று சத்தம் கேட்டது, உடனே பெட்ரோல் பாய்ந்து வந்தது. மாட்டிச் சுற்றினால் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. சரி, குழாயில் குப்பை என்று நினைத்தேன். யார்தான் நினைக்க மாட்டார்கள்? கொஞ்ச தூரம் போனால் மறுபடியும் அதே கதை.

சாயங்காலம் முத்திரை உடையாமல் இருந்தாலும் அத்தானுக்கு நிம்மதி இல்லை. என்னைக் கிட்டே கூப்பிட்டு மோந்து பார்ப்பார்.

"ஏலே, ஒனக்க வாயில பெட்ரோல் நாத்தம் அடிக்குது. கீழ கொழாய களத்தி உறிஞ்சி விக்குதியா?"

"உறிஞ்சல அத்தான், ஊதுதேன். வண்டி நிக்குது."

"எனக்க வண்டி நிக்காது. நீ நிறுத்துத."

அதோடு விட்டாரா? அவர் எங்கள் வேதக்கோயில் சபைக் கமிட்டியில் மூப்பர். வரும் ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் சொல்லி, அப்பமும் ரசமும் கொடுக்கும் கர்த்தரின் பந்தியிலிருந்து என்னை விலக்கி வைக்கப் போவதாகச் சொன்னார். திருட்டுக்காக விலக்கப்பட்டவனுக்கு எங்கள் சபையில் பெண்ணும் கிடைக்காது, வேலையும் கிடைக்காது. செய்யாத திருட்டுக்கு ஊர் முழுக்க என்னைத் திருடனாகப் பார்க்கப் போகிறது. சனிக்கிழமை லோடுக்கு அவரையே ஏறி உட்காரச் சொன்னேன்.

ஏறினார். குலசேகரம் தாண்டி, ஏற்றத்தின் பாதியில் வண்டி வழக்கம்போல் இருமி நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கவில்லை.

"பாத்தியளா அத்தான்?"

"என்னத்த பாக்க? பெட்ரோல் தீந்தாச்சு. அரிசி ஏத்துத நேரத்துல கொழாய் வழியா எடுத்திருக்க. எந்திரி, அளந்து காட்டுதேன்."

என்னைத் தொடவிடாமல் அவரே பலகையைத் தூக்கினார், முத்திரையை உடைத்தார், துணியை அவிழ்த்தார். மூடியைத் திருகியதும் தொட்டிக்குள் உஸ்ஸென்று காற்று இழுத்தது. அவர் கையை உதறிக்கொண்டு பின்னால் போனார். பிறகு அளவுக் குச்சியைத் தொட்டிக்குள் விட்டு எடுத்துப் பார்த்தார். பாதிக்குமேல் நனைந்திருந்தது. திருப்பிப் பிடித்து இன்னொரு தடவை விட்டுப் பார்த்தார்.

நான் மூடியைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினேன். நடுவில் ஊசித் துவாரம் ஒன்று. பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியாகத்தான் உள்ளே காற்று போக வேண்டும், போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. அதில் அவருடைய அரக்கு கெட்டியாக உட்கார்ந்திருந்தது. நான் வாயால் ஊதியபோது காற்றுதான் உள்ளே போனது. குப்பையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மூடியைப் போடாமலே ஹாண்டிலைச் சுற்றினேன். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"இத நீ மொதல்லயே சொல்லப்பிடாதா?" என்றார்.

நான் ஹாண்டிலைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இல்லாவிட்டால் அவரை அடித்திருப்பேன். அவர் கொஞ்சம் யோசித்து, எனக்கு ஏதோ தானம் கொடுப்பது போல, "சரி, கமிட்டில சொல்லல" என்றார். பிறகு மூடியிலிருந்த அரக்கைச் சுரண்டி எடுத்து, மூடித் திருகினார். மடியிலிருந்து புது அரக்குக் கட்டியை எடுத்துக்கொண்டு வண்டியை விட்டு எட்டிப் போய்த் தீக்குச்சி கிழித்தார். அந்த மட்டுக்காவது புத்தி இருந்தது. உருகியதைக் கொண்டுவந்து, துவாரத்தை மட்டும் விட்டுவிட்டு, மூடியைச் சுற்றிலும் வைத்து முத்திரையை அழுத்தினார்.

எஞ்சினை நிறுத்தினேன். ஹாண்டிலை அவர் காலடியில் போட்டேன்.

"முத்திரை இருக்குல்லா அத்தான், அது ஓட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன். பின்னால் அவர் கத்தியது வெகுதூரம் கேட்டது.

சொன்னபடி அவர் கமிட்டியில் திருட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. மச்சினன் சரக்கோடு வண்டியை நடுவழியில் போட்டுவிட்டுப் போனான், மூத்தவர் என்ற மரியாதை இல்லாமல் பேசினான் என்று மட்டும் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை. மனஸ்தாபத்தோடு பந்தியில் உட்காரக்கூடாது, அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வா என்று கமிட்டி தீர்ப்புச் சொன்னது. என் அக்காள்கூட, "ஒரு வார்த்தைதானடா, கேட்டுட்டுப் போயேன்" என்றாள். ஒவ்வொரு பந்தி ஞாயிற்றுக்கிழமையும் ஆராதனை பாதியில் நான் எழுந்து வெளியே வருவேன். அப்பம் வைத்த தட்டைப் பிடித்தபடி அத்தான் முன்னால் நிற்பார். லாரி டிரைவரை விலக்கி வைத்தால் அது திருட்டுக்காகத்தான் இருக்கும் என்று ஊர் என்னைத் திருடன் என்றே பேசிக்கொண்டது, நான் மன்னிப்புக் கேட்கவில்லை.