குடத்தில் விழாத புளியங்கொட்டை

எனக்கு வயது அறுபத்தெட்டு. பெற்றது நாலு, வளர்த்தது ஐந்து. அந்த ஐந்தாவதுதான் இந்த நினைவு மலருக்கு உரிய என் தம்பி. எனக்குக் கையெழுத்துப் போட மட்டும் வரும். நான் சொல்லச் சொல்லப் பேத்தி லலிதா எழுதுகிறாள். மலரில் ‘அவர்’ என்றுதான் போட வேண்டும் என்கிறார்கள். இடுப்பில் வைத்து வளர்த்தவனை அவர் என்று சொல்ல வாய் கூசுகிறது. ஊருக்காகச் சொல்கிறேன்.

தம்பி கரமனையில், ஆற்றை ஒட்டிய தெருவில், எங்கள் தகப்பனார் வீட்டில் பிறந்தார். தீட்டுக் கழிவதற்குள் அம்மா போய்விட்டாள். அப்போது என் மூத்த பெண் கைக்குழந்தை. இரண்டு பேருக்கும் என் பால்தான். பிற்பாடு என் வீட்டுக்காரர் காலமாகி, நான் குழந்தைகளோடு தெருக்கோடி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். தம்பி பள்ளிக்கூடம் விட்டால் தகப்பனார் வீட்டைத் தாண்டி நேரே என் அடுக்களைக்கு வருவார். “அக்கா, இன்னிக்கு என்ன கூட்டான்?” என்று கேட்டுக்கொண்டேதான் காலைக் கழுவுவார். நான் இனிப் போட்டுக்கொள்ள முடியாத நகைகள் அவருடைய வக்கீல் படிப்புக்குப் போயின. அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை.

நல்ல குணங்கள் அவருக்கு நிறைய. ஏழைகளின் வழக்கைக் கேட்டால் சாப்பாட்டை மறப்பார். மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி வேண்டும் என்று மைதானத்தில் பேசியதற்காகச் சிறைக்கும் போனார். திரும்பி வந்த அன்று தெருவில் பாதி வீட்டுக் கதவு சாத்திக் கிடந்தது. ஆரத்தி எடுக்க நான் ஆகாதவள். ஒரு செம்பு மோரோடு வாசலில் போய் நின்றேன். தெருவே பார்க்க என் காலில் விழுந்தார்.

எங்கள் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பொதுக் காரியம் எதுவானாலும் கூட்டத்தில் யாரும் வாயால் ஆம், இல்லை என்பதில்லை. பக்கத்து வீட்டோடு பகை வேண்டாம் என்று பெரியவர்கள் வைத்த ஏற்பாடு. வாய்க்குத் துணி கட்டிய குடம் ஒன்று இருக்கும். சம்மதம் என்றால் பாக்கு, சம்மதம் இல்லை என்றால் புளியங்கொட்டை. வீட்டுக்கு ஒன்று, கையை மூடியபடியே உள்ளே விட வேண்டும். ஆண் இல்லாத வீட்டுப் பெண்பிள்ளை கூட்டத்துக்குப் போகக் கூடாது. வேறு வீட்டு ஆண் ஒருவர் வாங்கிக்கொண்டு போய்ப் போடுவார். என் பிள்ளை பம்பாயில் வேலையில் இருந்ததால் எனக்குத் தம்பிதான் கை. மைதானத்தில் பேசும்போதெல்லாம் தம்பி இந்தக் குடத்தைச் சொல்லிப் பெருமைப்படுவார். “எங்க தெருவிலே பாட்டன் காலத்திலேயே ரகசிய ஓட்டு உண்டு” என்பார்.

தெருக்கோடியில் ஆற்றுக்கு ஒரு சந்து இருந்தது. என்னைப் போன்றவர்கள் விடிவதற்கு முன் யார் கண்ணிலும் படாமல் குளித்துவிட்டு வர அதுதான் வழி. கோயில் எல்லாருக்கும் திறந்தபின் வேறு ஜாதிக்காரர்களும் அதன் வழியே நடக்க ஆரம்பித்தார்கள். அது பொறுக்காமல், கூட்டத் தலைவரான பெரிய வீட்டு மாமா சந்தை அடைத்து, ஊர்ப் பாத்திரங்களை வைக்க ஒரு பாத்திரப்புரை கட்ட வேண்டும் என்றார். கூட்டம் கூடிய அன்று காலை தம்பி வந்தார். எதிர்வீட்டு மங்களமும் என்னைப் போல ஆண் துணை இல்லாதவள். இரண்டு பேரும் ஆளுக்கொரு புளியங்கொட்டை கொடுத்தோம். “என் கையும் புளிதான் அக்கா, பயப்படாதே” என்று சிரித்துக்கொண்டு போனார்.

மங்களம், கூட்டம் நடந்த மடத்துச் சுவருக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு மூச்சு வாங்க ஓடி வந்தாள். “மன்னி, குடத்தைக் கவுத்தா. பூராவும் பாக்கு. ஒரு கொட்டை கூட இல்லையாம். ‘ஏகமனதா நிறைவேறித்து’ன்னு மாமா சத்தம் போட்டுச் சொல்றார்.”

தம்பி வந்ததும் நான் கேட்டது ஒன்றுதான்.

“என் கொட்டை எங்கேடா?”

அவர் சட்டை ஜோபியில் கையை விட்டு, எங்கள் இரண்டு கொட்டைகளையும் எடுத்து அம்மி மேல் வைத்தார்.

“ஒரு சந்துக்காகத் தெருவை ரெண்டாக்கணுமா அக்கா? எலெக்ஷன் வரப் போறது. மாமா என் பின்னாலே நிக்கணும். நான் சட்டசபைக்குப் போயிட்டா நூறு சந்து தொறக்கலாம், கேட்டியா?”

“நூறு தொறப்பே. இந்த ஒண்ணை அடைச்சாச்சே?”

“நீ வேற நான் வேறயா அக்கா?”

“வேறதாண்டா. அதனாலேதானே ஒனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு வெச்சிருக்கா.”

அவர் வாசலில் இறங்கிப் போய்விட்டார். அன்று சாப்பிடவும் இல்லை.

சந்தில் சுவர் எழும்பியது. அதன்பின் நான் நன்றாக விடிந்த பிறகே ஆற்றுக்குப் போய்வந்தேன், நடுத்தெரு வழியாக, ஈரத்துணியோடு, மெள்ள. என் தலையைக் கண்டால் கிளம்பினவர்கள் உள்ளே திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். பெரிய வீட்டு மாமா தினமும் அகப்பட்டுக்கொள்வார். “கொஞ்சம் முந்திப் போகப்படாதா?” என்றார். “நீங்க அடைச்ச வழிதானே மாமா, சுத்திண்டு போறேன்” என்றேன். மாமா அந்த வாரம் முழுக்க ஆபீஸுக்கு நேரம் கழித்துத்தான் போனார். மங்களத்தையும் ஓரமாக நடக்க நான் விடவில்லை.

பிறகு வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்று எலெக்ஷன் வந்தது. தம்பி நின்றார். பள்ளிக்கூட வாசலில் மீன்காரிக்குப் பின்னால் வரிசையில் நின்று என் சீட்டை நானே வாங்கி, என் கையாலேயே பெட்டியில் போட்டேன். தம்பி ஜெயித்தார். சுவர் அப்படியே இருந்தது. “பாக்கலாம் அக்கா” என்பார். நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

சில மாதங்களில் படுக்கையில் விழுந்தார். கஞ்சி என் கையால்தான் இறங்கியது. ஒரு மத்தியானம் கண்ணை மூடியபடியே, “அக்கா, அன்னிக்கு எனக்குத்தானே போட்டே?” என்று கேட்டார்.

“ரகசியம்னு நீதானேடா மைதானத்திலே சொன்னே” என்றேன். சிரித்தார். பிறகு கண்ணோரம் நனைந்தது. துடைத்துவிட்டேன், சொல்லவில்லை.

வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், இரவெல்லாம் கூட இருந்த மங்களத்துக்கும், விறகு கொடுத்த பெரிய வீட்டு மாமாவுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் நன்றி சொல்கிறேன். சந்து திறந்திருந்தால் மயானம் பக்கம். நடுத்தெருவைச் சுற்றித்தான் தூக்கிப் போனார்கள். அவர்கள் தோள் நன்றாக இருக்கட்டும்.

தம்பியின் மகன், என் மருமான், நேற்று வந்தான். “அத்தை, எல்லாம் இருக்கட்டும். அந்தப் புளியங்கொட்டை சங்கதி மாத்திரம் மலர்லே வேண்டாமே” என்றான். நல்ல பிள்ளை. அச்சாபீஸுக்குத் தாளைக் கொண்டு போகப் போகிறவனும் அவன்தான். முகம் அப்படியே தகப்பன்.

லலிதா, பேனாவைக் கீழே வை. முதல் வரியிலிருந்து உரக்க வாசி. நான் கொடுத்ததுதான் உள்ளே விழுந்திருக்கிறதா என்று இந்தத் தடவை நான் கேட்க வேண்டும்.