படத்துக்கு ஒரு பெக்கோ

புங்குடுதீவில் எங்கள் குளத்தைத் தூர்வார பெக்கோ என்கிற மண் தோண்டும் இயந்திரம் ஒன்று வாங்க நினைத்தோம். தெரிவுசெய்து தர, பெக்கோ ஓட்டுகிற ஒருவரை அழைத்தோம். வெயிலில் கருகிய முகம். கையில் எப்போதும் ஓர் இரும்பு அலவாங்கு. எந்த நிலத்தையும் அதனால் நாலு தரம் குத்தி, சத்தத்தைக் கேட்ட பிறகே வாய் திறப்பார்.

குளத்தையும் குத்திப் பார்த்தார். பிறகு எங்களோடு கடைக்கு வந்து, ஆகச் சின்ன இயந்திரத்தைக் காட்டினார்.

“இது காணும் அண்ணை. மூண்டடிக்குக் கீழ கல்லு. பெரிசு இறங்கினா கல்லு உடைஞ்சு உப்புத்தண்ணி ஏறும்.”

நான்தான் ஊர்ச் சங்கத் தலைவர். “கனடாவில காசு தந்த ஆக்களுக்குப் படம் அனுப்ப வேணும். இது விளையாட்டுச் சாமான் மாதிரியெல்லோ கிடக்கு?” என்றேன்.

“படத்துக்கெண்டா பெரிசை வாங்குங்கோ. ஆனா என்னால அதை இந்தக் குளத்துக்க இறக்க ஏலாது.”

பெரியதையே வாங்கினோம். மாலை போட்டுப் படம் எடுத்தோம். வேறொருவர் ஓட்டினார், இரண்டாம் நாளே கல் உடைந்தது.

இப்போது குளம் கோடையிலும் வற்றுவதில்லை. மாடுகூட அதில் வாய் வைப்பதில்லை.

அந்த மனிதரை அடிக்கடி வீதியில் காண்கிறேன். “படம் நல்லா வந்ததோ?” என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் நான் கோபப்படவாவது செய்யலாம்.