சாம்சன் வீட்டுத் தொப்பிப் பெட்டி

பணி ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் சோபியாவுக்கு உட்கார வரவில்லை. முப்பத்து நான்கு வருஷம் கிராம நர்சாக சாலவாக்கம் பக்கத்து ஊர்களையெல்லாம் மொபெட்டில் சுற்றி, பிள்ளைகளுக்கு ஊசி போட்டு, கர்ப்பிணிகளுக்கு அட்டை எழுதி ஓடிய உடம்பு அது. பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்குவாள். கழுவிக் கவிழ்த்த டம்ளரை எடுத்து இன்னொரு தரம் கழுவுவாள்.

"சும்மா குந்தும்மா. நீ நடக்கறத பாத்தா எனக்குக் கால் வலிக்குது" என்பான் மகன் ஜெகன், ஒரகடத்துக் கம்பெனியில் ஷிப்டு முடித்து வந்து பாயில் கிடந்தபடி.

அந்த வருஷத்து மழையில் கூரை ஷீட் விரிசல் விட்டு, பரண்மேல் இருந்த தொப்பிப் பெட்டியில் தண்ணீர் இறங்கிவிட்டது. எடுக்கப்போன ஜெகன் கையில் வார் மட்டும் வந்தது. பெட்டி தரையில் விழுந்து, மூடி ஒரு பக்கம் அடி ஒரு பக்கமாக உருண்டது.

வட்டமான தோல் பெட்டி. வெள்ளைக்காரப் பெண்கள் தொப்பி நசுங்காமல் கொண்டுபோக வைத்திருப்பது. அந்தக் காலத்தில் ஊரில் இருந்த மிஷன் பங்களாவில், மிஸ்ஸியம்மா என்று எல்லோரும் அழைத்த வெள்ளைக்கார அம்மாவிடம் சமையல் வேலை பார்த்தவர் சோபியாவின் அப்பா சாம்சன். அந்த அம்மா கப்பலேறும்போது, "சாம்சன், இது உனக்கு" என்று தன் கையாலேயே கொடுத்துவிட்டுப் போன பெட்டி என்பது ஊரறிந்த கதை. ஒரு பக்கத்தில் கருகின தழும்பு இருக்கும். கேட்டால், "கப்பல்ல இன்ஜினு சூடு பட்டது" என்பார் சாம்சன். வந்தவர்கள் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

"தூக்கிப் போட்டுடலாம்மா. பூஞ்சை நாத்தம் அடிக்குது" என்றான் ஜெகன்.

"போட்டுட்றா" என்றாள். அவன் வாசலைத் தாண்டுவதற்குள், "இரு இரு, இங்க வை" என்றாள்.

இப்படி நாலு நாள் போயிற்று. காலையில் குப்பை வண்டி மணி அடித்தால் பெட்டியை எடுத்துக்கொண்டு போவாள். வண்டி வந்து நிற்கும். வெறும் முருங்கைச் சருகை மட்டும் கொட்டிவிட்டு, பெட்டியோடு திரும்பி வருவாள். வெயிலில் காய வைப்பாள், தூறல் விழுந்ததும் ஓடிப்போய் எடுப்பாள்.

ஐந்தாம் நாள் சபைப் போதகர் வந்தார். சின்ன வயசு, ஊருக்கு வந்து எட்டு மாதம்தான். கோயிலுக்கு நூறு வருஷம் நிறைகிறது, பழைய பொருள்களையெல்லாம் வைத்து ஒரு கண்காட்சி செய்கிறோம் என்றார்.

"உங்க வீட்டுப் பெட்டிதாம்மா அதுல முக்கியம். நோட்டீஸ்லயே போட்டிருக்கேன், பாருங்க."

மஞ்சள் தாளில் அச்சாகியிருந்தது: 'மிஸ்ஸியம்மா தம் உண்மையுள்ள ஊழியன் சாம்சனுக்கு அன்பளிப்பாக வழங்கிய தொப்பிப் பெட்டி.'

"பிஞ்சி போய் கீதே, ஐயா."

"ரிப்பேர் பண்ணிடலாம்மா. பதினஞ்சு நாள் இருக்கே."

அவர் போனபின் சோபியாவுக்கு இன்னும் இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். பால் பொங்கி வழிந்தது.

விஷயம் இதுதான். அந்தப் பெட்டியை யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை.

சாம்சன் சாகும் வருஷம் சர்க்கரையில் கால் புண்ணாகிக் கிடந்தார். தினமும் கட்டு மாற்றுவது மகள்தான். ஒரு நாள் பஞ்சை எடுக்கக் குனிந்தவளிடம், கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "அத்த யாரும் குடுக்கல பாப்பா. மூடி கிழிஞ்சி போச்சின்னு, பழசு பட்டையோட தோட்டத்துக் குழில போட்டுக் கொளுத்தச் சொன்னாங்க. நான்தான் கொளுத்தனேன். அவுங்க வண்டி அந்தாண்ட போனதும் குச்சியால இழுத்தேன். ஒரு பக்கம் எரிஞ்சிபோச்சி." கட்டுப் போட்டு முடித்ததும், "யாராண்டயும் சொல்லிக்கினு இருக்காத" என்றார்.

பதினைந்து வருஷமாகச் சொல்லவில்லை. கட்டிய கணவனிடம்கூடச் சொல்லாமலே அவனையும் அடக்கம் செய்தாயிற்று. இப்போது பழுது பார்த்து வைத்தால், கோயிலுக்குள்ளேயே ஒரு பொய்யை மேசைமேல் வைத்த மாதிரி. தூக்கிப் போட்டால், அப்பன் நெருப்பிலிருந்து இழுத்ததை மகள் குப்பையில் போட்ட மாதிரி. எந்தப் பக்கம் திரும்பினாலும் குத்தியது.

மறுநாள் பெட்டியைச் சாக்கில் சுற்றி, மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு உத்திரமேரூர் போனாள். கடைத்தெருவில் முஸ்தபா பாய் பை, சூட்கேஸ், ஜிப் எல்லாம் தைத்துக் கொடுப்பவர். பள்ளிக்கூடப் பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"வாங்க நர்சம்மா. என் பெரிய பொண்ணுக்கு நீங்கதான் ஊசி போட்டது. காச்சல் வந்து ஒரு வாரம் உங்கள திட்டிக்கினு இருந்தா." சிரித்துக்கொண்டே பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"பழசெல்லாம் பிரிச்சிட்டு ரெக்சின் போட்டா புதுசாட்டம் ஆயிடும். இல்லன்னா தூக்கிப் போட்றதுதான். தோலு செத்துப்போச்சி."

"பிரிச்சிடுங்க பாய்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். காய்கறி வாங்கினாள், என்ன வாங்கினோம் என்று தெரியாமல். ஏரிக்கரை வரை போனவள் வண்டியைத் திருப்பினாள்.

பாய் கத்தியை எடுத்திருந்தார். ஆனால் இன்னும் அறுக்கவில்லை. மூடியின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத யாரு தெச்சது நர்சம்மா? தோல் வேல தெரிஞ்ச ஆளு இல்ல. கோணி ஊசி, செருப்பு நூலு. அடியில சைக்கிள் டியூப வெட்டி வெச்சி கீறாரு. வரி கோணலாத்தான் போவுது. ஆனா ஒரு தையல்கூட விடல."

"எங்க நைனா" என்றாள் சோபியா. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "குப்பக்குழில எரிஞ்சிக்கினு இருந்தத இழுத்தாந்து தெச்சாரு. துரைசானி குடுத்ததா ஊரெல்லாம் சொன்னாரு."

சொன்னதும் பயந்துபோய்க் கடைத்தெருவைப் பார்த்தாள். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எதிர்க்கடையில் யாரோ வாழைப்பழத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். முஸ்தபா பாய் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அப்போ இது மேல நான் கத்தி வெக்க மாட்டேன். பிஞ்ச எடத்துக்கு மட்டும் ஒட்டு போட்டுத் தரேன். பாக்க அசிங்கமாத்தான் இருக்கும்."

"இருக்கட்டும் பாய்."

அசிங்கமாகத்தான் இருந்தது. பழுப்புத் தோலில் கறுப்பு ஒட்டு, பழைய கோணல் தையலுக்குப் பக்கத்தில் மிஷின் தையல். அதை எடுத்துக்கொண்டு நேரே போதகர் வீட்டுக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

போதகர் முகம் வாடிவிட்டது. "நோட்டீஸ் எல்லா சபைக்கும் போயிடுச்சேம்மா. இதனால யாருக்கு என்ன நஷ்டம்? அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே."

"குப்பைலருந்து எடுத்ததுன்னு எழுதி வெக்கறதா இருந்தா தரேன் ஐயா."

"நூறாவது வருஷத்துல அப்படி எழுத முடியுமாம்மா?"

"அப்போ பெட்டி வராது."

வீட்டுக்கு வந்து ஜெகனிடமும் சொன்னாள். இதற்குத்தான் அவளுக்கு அதிகம் தைரியம் வேண்டியிருந்தது. அவன் செல்போனை இறக்கி வைத்தான்.

"எரிஞ்சிக்கினு இருக்கும்போதே எடுத்தாரா? கை சுடலியா?"

அதை அவள் கேட்டதே இல்லை. அப்பாவின் வலது உள்ளங்கையில் ஒரு வழவழப்பு இருக்கும். அடுப்பு வேலை என்று நினைத்திருந்தாள். உள்ளே போனாள்.

நூற்றாண்டுப் பண்டிகை அன்று பிரியாணி வாசமும் ஸ்பீக்கர் சத்தமுமாக ஊர் நிறைந்திருந்தது. ஆராதனை முடிந்ததும் எல்லோரும் கண்காட்சிக்கு நகர்ந்தார்கள். சோபியா சுவரோரமாக நின்றாள். போகவும் மனசில்லை, நிற்கவும் முடியவில்லை. அப்போது செல்லாயி வந்து அவள் தோளை இடித்தாள். செல்லாயியின் அம்மா பங்களாவில் பெருக்கித் துடைத்தவள்; இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"இன்னாடி, உங்க வூட்டுப் பெட்டியக் காணோம்?"

சோபியா ஒரு மூச்சு இழுத்தாள். "அது குடுத்தது இல்லடி. எங்க நைனா பங்களாக் குப்பக்குழில பொறுக்கனது."

செல்லாயி வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தாள். பிறகு இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, மேசை நடுவில் சரிகைத் துணிமேல் வைத்திருந்த ஒரு பீங்கான் தட்டைக் கண்ணால் காட்டினாள். நீலப் பூப்போட்ட தட்டு, விளிம்பில் ஒரு சில்லு போயிருந்தது. முன்னால் அட்டையில், 'செல்லாயி குடும்பத்தாருக்கு மிஸ்ஸியம்மா அளித்த அன்பளிப்பு.'

"அந்தக் குழிலதான்டி எங்கம்மாவும் எடுத்துது" என்றாள் செல்லாயி, குரலைத் தாழ்த்தி. "உங்க நைனா பாத்துட்டாராம். 'நீ பாக்கல, நானும் பாக்கல'ன்னாராம்."

சோபியாவுக்குத் தொண்டையில் ஏதோ கிளம்பியது. அழுகை என்றுதான் முதலில் நினைத்தாள். புடவைத் தலைப்பை வாயில் அடைத்தும் சிரிப்பு அடங்கவில்லை. செல்லாயியும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். மைக்கில் சரித்திரம் வாசித்துக்கொண்டிருந்த போதகர் இரண்டு கிழவிகளையும் பார்த்துவிட்டு ஒரு வரியைத் தவறவிட்டார்.