'பிறகு' என்ற பெட்டி

உள்ளறையிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அடுப்படியில் சோனியா டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். மென்பொருள் சோதனை தேறினால் மணி ஒலிக்கும், தோற்றால் 'டொக்' என்னும். அவளே மடிக்கணினியில் அமைத்துவைத்த ஏற்பாடு. ஒரே சோதனையைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தாள்; அன்று மாலையிலிருந்து அது ஒன்பதாவது 'டொக்'.

கூடத்தில் தருண்குமார் உட்கார்ந்திருந்தான். அவளைவிட ஐந்து வயது சிறியவன். ஆனால் பெங்களூரு ஹெப்பாள் அலுவலகத்தில் அவளுக்கு மேலதிகாரி. ஞாயிற்றுக்கிழமையில் வீடு தேடி வந்திருந்தான்.

ஏழு வருடமாக சோனியாவுக்கு ஒரே வேலை. வலைத்தளத்தின் ஒவ்வொரு பகுதியும் சரியாக நடக்கிறதா என்று தினமும் காலையில் தானாகவே ஓடிப் பார்க்கும் சோதனைகளை எழுதுவாள். பகுதிவாரியாகப் பெட்டிகளில் அடுக்குவாள். ஒருநாள் தேறி மறுநாள் தோற்கும் சோதனைகளை 'பிறகு' என்ற பெட்டிக்குத் தள்ளுவது அந்த அலுவலகத்து வழக்கம். காலை ஓட்டம் அந்தப் பெட்டியைத் திறக்காது. எல்லாம் தேறியதாக அறிக்கை பச்சையாகவே இருக்கும்.

டயாலிசிஸ் மையம் ஒன்றின் தளத்துக்காக அவள் எழுதிய சோதனையும் அப்படித்தான் அங்கே போனது. ஒரே கைபேசி எண்ணில் இரண்டு நோயாளிகள் இருந்தால் இருவருக்கும் செய்தி போகிறதா என்று பார்க்கும் சோதனை அது. அடிக்கடி தோற்றது. ஒரே எண்ணை இரண்டு நோயாளிகள் எங்கே வைத்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்து, 'சோதனையில்தான் தப்பு' என்று குறிப்பெழுதித் தள்ளிவிட்டாள்.

மார்டள்ளி என்ற கிராமத்தில் அப்படி வைத்திருந்தார்கள். மாதம்மாவுக்கும் அவள் மகன் சக்திக்கும் சிறுநீரகக் கோளாறு. வீட்டுக்கு ஒரே கைபேசி. இயந்திரம் பழுது, வேறு கிளைக்கு வாருங்கள் என்ற செய்தி சக்தியின் பெயருக்கு மட்டும் வந்தது. அவன் முறை புதன்கிழமை; செய்தி தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டான். தாயின் முறை செவ்வாய். அவள் வழக்கம்போல வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினாள். கொள்ளேகால் தாண்டியதும் பேருந்திலேயே மூச்சு நின்றுபோனது.

சோனியா டீயை அவன் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "பிடு அக்கா, விட்டுடுங்க, நடந்தது நடந்துபோச்சு" என்றான் தருண்குமார். அந்தச் சாவு பற்றி நாளை விசாரணை. அந்தச் சோதனையும் குறிப்பும் இல்லாமல் போனால், அந்த எண்ணுக்குச் செய்தி போனதாகப் பதிவைக் காட்டிவிடலாம். அவன் குரல் தாழ்ந்தே இருந்தது, அவனுக்கும் பயம்தான்.

"அப்ப யாரு தப்புன்னு ஆகும்?"

அவன் டீ டம்ளரையே பார்த்தான். "செய்தி வந்துச்சு, பையன் அம்மாகிட்டச் சொல்லலைன்னு."

பெற்றவளைத் தானே கொன்றதாக அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் நம்புவானே! கணவன் டேவிஸ் வேலை பார்த்த தொழிற்சாலை மூடியதிலிருந்து சோனியாவின் சம்பளத்தில்தான் இந்த வீடு நிற்கிறது. அதையும் நினைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள்.

அந்தச் சோதனையை 'பிறகு' பெட்டியிலிருந்து எடுத்து, செய்திப் பகுதியில் பழைய இடத்திலேயே வைத்தாள். குறிப்பை அழிக்கவில்லை. ஓடவிட்டாள். 'டொக்.' சிவப்பு அறிக்கையைக் குறிப்போடு மையத்துக்கும் அலுவலகத்துக்கும் சேர்த்தே அனுப்பினாள்.

வெளியே தருண்குமாரின் கைபேசி அதிர்ந்தது. படித்தான். முகம் வெளுத்தது.

"குறிப்புல உங்க பேருதான் அக்கா முதல்ல இருக்கு."

"என் கைதானே தள்ளுச்சு, தருண்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டான். நாளை அலுவலகத்தில் உங்கள் அடையாள அட்டைக்குக் கதவு திறக்காது என்று தரையைப் பார்த்தே சொன்னான். அவள் தலையசைத்தாள். டீ ஆறியிருந்தது.

அவன் படியிறங்கியதும் சோனியா கதவைச் சாத்தித் தாழிட்டாள்.