தூக்குச்சட்டியில் உப்பு

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். உப்பளத்தில் வெடித்த பாதங்கள், தூங்காத கண்கள். மடியிலிருந்த தூக்குச்சட்டியின் மூடியை அடிக்கடி அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

"சாப்பாடுங்களா?" என்றேன்.

"இல்லீங்க. வீட்டுக்காரிக்கு கிட்னிக்குக் கீழ மூத்திரக் குழாயில கேன்சரு. ஆபரேஷன்ல எடுத்த சதைய மெழுகுல வச்சுக் குடுத்திருக்காங்க. பெரிய ஆஸ்பத்திரியில டெஸ்ட் பண்ணா, நோவு திரும்ப வருமான்னு ஓரளவு தெரியுமாம். வெயில்ல கெட்டுடப் போவுதுன்னு உப்புல பொதைச்சிருக்கேன். மீன அப்படித்தானே வைப்போம்."

மெழுகுக்குள் இருப்பது கெடாது என்று சொல்ல நினைத்தேன். வேறொன்றைத்தான் கேட்டேன்.

"அவங்க வரலீங்களா?"

"திரும்ப வரும்னு சொல்லிட்டா, அத அவ காதால கேக்க வேணாங்க."

கூட்டத்தில் அவர் இறங்கும்வரை சட்டியை நான் பிடித்திருந்து, ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். நல்ல கனம். என்ன பதில் கிடைத்ததோ. இன்றும் குழம்புக்கு உப்பு அள்ளும்போது கை ஒரு கணம் நிற்கிறது.